ரிமோட்டை மகள் கையில் கொடுத்த பிறகு

என் மகள் ஆறு வயதில் தொடர்ந்து மூன்று வாரம் விளக்கை அணைக்கவிடாமல் தூங்கினாள். அதற்குக் காரணம் நான்தான். ‘கோரலைன்’ என்ற படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். பொம்மைகளை வைத்து எடுத்த படம். முகப்புப் படத்தில் நீலத் தலைமுடியுடன் ஒரு சிறுமி நிற்கிறாள். ஆகவே குழந்தைகள் படம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். நான் அதை முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. போட்டுவிட்டு அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரமாக ஒரு சிரிப்போ கேள்வியோ வரவில்லையே என்று எட்டிப் பார்த்தபோது, சோபாவின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்கவும் முடியாமல் கண்ணை எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹென்றி செலிக் இயக்கி 2009இல் வெளிவந்த அருமையான படம் அது. சுவரில் ஒரு சின்னக் கதவு. அதற்கு அப்பால் இதே போல இன்னொரு வீடு. அங்கே இன்னொரு அம்மா. அச்சு அசலாக அதே முகம், அதைவிடக் கனிவான பேச்சு. ஆனால் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். அந்தச் சிறுமி அங்கேயே இருந்துவிடலாம், அவள் கண்ணிலும் பொத்தான் தைத்துக்கொண்டால் போதும் என்கிறாள் அந்த அம்மா.

அன்றிரவு நான் சொன்னதெல்லாம் பெற்றோர் வழக்கமாகச் சொல்வதுதான். பேய் கிடையாது, அது பொம்மை, யாரோ கையால் அசைத்து எடுத்தது. ஒன்றும் பலிக்கவில்லை. அவளுடைய துணிப்பொம்மைக்கும் கண் பொத்தானால் ஆனதுதான். அதை அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். நான்காம் நாள் இரவு என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீ என் அம்மாதானே?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பேய் இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்; அவள் பேயைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. ரத்தம், பல், நகம் இவற்றை வைத்துப் பெரியவர்கள் ஒரு படம் எவ்வளவு பயங்கரமானது என்று எடைபோடுகிறோம். ஆறு வயதுக் குழந்தையின் தராசு வேறு. அம்மா நாளைக்கும் இதே அம்மாவாக இருப்பாளா, வீட்டின் கதவைத் திறந்தால் அதே அறை இருக்குமா என்பதுதான் அதன் கவலை. அந்தக் கவலையை நேராகத் தொடுகிற படத்தில் ஒரு சொட்டு ரத்தம் தேவையில்லை.

அதன்பின் பேய்ப்படமே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. சிறுவயதில் நானும் அண்ணன்களும் ஒரே போர்வைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் விரலிடுக்கு வழியாக இன்னொருவர் பார்த்த படங்கள்தான் எனக்கு இன்றும் நினைவில் பசுமையாக இருக்கின்றன. கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து சிரித்ததைவிடச் சேர்ந்து பயந்தது எங்களை அதிகம் இணைத்தது. அந்தச் சுகம் என் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆகவே ஐந்து ஆண்டுகளாகப் பழைய திகில் படங்களையும் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த பேய்ப்படங்களையும் தேடித்தேடி, நிதானமாக, அவளோடு உட்கார்ந்து பார்த்து வருகிறேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது என்பது முதலில் புரிந்தது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு கோடையில் ‘கிரெம்லின்ஸ்’, இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படம் இரண்டையும் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோர் பலர் அதிர்ந்துபோனார்கள். பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று சான்றிதழ் பெற்ற படங்கள் அவை. அந்தப் புகார்களின் விளைவாக அதே ஆண்டு ஜூலையில் பதின்மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் ‘பிஜி-13’ என்ற புதுப் பிரிவையே உருவாக்கினார்கள். சான்றிதழ் வன்முறையை அளக்கிறது, கெட்ட வார்த்தையை எண்ணுகிறது. எந்தக் குழந்தை எதற்குப் பயப்படும் என்பதை எந்தச் சான்றிதழும் அளக்க முடியாது. என் மகள் எலும்புக்கூட்டுக்குச் சிரிப்பாள். தொலைந்துபோகும் குழந்தையைக் கண்டால் அழுதுவிடுவாள். அக்காள் மகனுக்கு அந்த வயதில் கோமாளி என்றால் ஆகாது, மற்றதெல்லாம் விளையாட்டு. இதை அருகில் இருந்து பார்க்கிறவர்தான் அறிய முடியும். அதனால் இப்போது எந்தப் படத்தையும் நான் தனியாக ஒருமுறை முழுமையாகப் பார்க்காமல் அவளுக்குப் போடுவதில்லை. இரண்டு மணி நேரம் வீணாகிறதே என்று நினைத்தால், அந்த மூன்று வார இரவுகளை எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

மறுபடி தொடங்க எட்டு மாதம் காத்திருந்தேன். தேர்ந்தெடுத்தது ஐந்தரை நிமிடக் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன், 1929இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’. நள்ளிரவு, கல்லறைத் தோட்டம், ஆந்தை, ஊளை என்று பயமுறுத்தும் சாமான்கள் எல்லாம் உண்டு. ஆனால் வெளியே வரும் எலும்புக்கூடுகள் கூத்தாடுகின்றன. ஒன்று இன்னொன்றின் முதுகெலும்பைத் தட்டி இசைக்கிறது. பூனையின் வாலை நரம்பாக்கி வாசிக்கிறது. சேவல் கூவியதும் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு குழிக்குள் ஓடுகின்றன. அன்று மாலையே நான்கு முறை பார்த்தாள். நான்காவது முறை தன் விலாவைத் தட்டிக்கொண்டே பார்த்தாள். தனக்குள்ளும் ஒரு எலும்புக்கூடு இருக்கிறது என்று கண்டுபிடித்த பரவசம் அவளுக்கு இரண்டு நாள் தீரவில்லை.

குட்டிப் படத்தில் தொடங்கியது நல்லதாயிற்று. ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தெரிந்தால் குழந்தை தாங்கிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் இருட்டில் நடக்க வேண்டும் என்பது தெரியாதபோதுதான் கால் நடுங்குகிறது.

அன்றுதான் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். “எப்போது வேண்டுமானாலும் நிறுத்து, ஏன் என்று நான் கேட்க மாட்டேன்” என்று சொல்லிக் கொடுத்தேன். நான் செய்தவற்றிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். முதல் சில மாதம் அடிக்கடி நிறுத்தினாள். சில சமயம் படத்தில் ஒன்றுமே நடக்காத இடத்தில், நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இன்னும் இருக்கிறதா என்று சோதிப்பது போல நிறுத்துவாள். நான் காத்திருப்பேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்துவாள். நாளாக ஆக நிறுத்துவது குறைந்தது. ஆனால் ரிமோட் இன்றுவரை அவள் மடியில்தான் இருக்கிறது. ‘கோரலைன்’ நாளில் அது என்னோடு அடுத்த அறைக்கு வந்துவிட்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

எட்டு வயதில் ஊமைப்படங்களுக்குப் போனோம். பேய்ப்படம் பார்க்கப் பழகும் குழந்தைக்கு ஊமைப்படத்தைப் போல நல்ல வாசல் வேறு கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை நாம்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்; அம்மாவின் குரலில் கதை நகர்கிறது. படம் ஓடும்போதே பேசலாம், கேட்கலாம், யாருக்கும் தொந்தரவில்லை. முர்னோ இயக்கிய ‘நொஸ்ஃபெராட்டு’ 1922இல் வந்தது. முழுப் படத்தையும் அவளுக்குக் காட்டவில்லை. சில காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒன்று, மாடிப்படியில் ரத்தக்காட்டேரி ஏறும் புகழ்பெற்ற காட்சி. ஏறுவது அவனல்ல, அவன் நிழல். கூனிய முதுகும் நீண்டுகொண்டே போகும் விரல்களுமாகச் சுவரில் ஒரு நிழல் மட்டும்.

மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். “ஒலியை மூடிவிட்டு மறுபடி பார்ப்போமா?” என்று கேட்டேன். மூடினாள். அதே நிழல், அதே படி. இம்முறை பிடி தளர்ந்தது. “அம்மா, பயம் சத்தத்தில்தான் இருக்கிறது!” என்று கத்தினாள். எத்தனையோ திரைப்பட நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் விஷயத்தை அவள் கட்டைவிரலால் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் படத்துக்கு முதலில் எழுதப்பட்ட இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது; அதனால் பிற்காலத்தில் பலர் பலவிதமாக இசை அமைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு பதிப்புகளை எடுத்து அதே காட்சியை மாறி மாறிப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் அவன் கொடூரன், இன்னொன்றில் ஏனோ பாவப்பட்ட கிழவன். நடிப்பில் இம்மி மாற்றமில்லை.

இந்த ஒரு பழக்கத்தை எல்லாப் பெற்றோருக்கும் சிபாரிசு செய்வேன். படம் கனக்கும்போது கண்ணை மூடச் சொல்லாதீர்கள், ஒலியைக் குறையுங்கள். கண்ணை மூடிய குழந்தை காதால் கேட்டுக்கொண்டு, திரையில் இருப்பதைவிடக் கோரமான ஒன்றைத் தானே உள்ளே வரைந்துகொள்கிறது. கண் திறந்திருந்து ஒலி அடங்கினால், எதிரே இருப்பது ஒப்பனை பூசிய ஒரு மனிதர் என்பது தானாகத் தெரிகிறது.

அதே படத்தில் அவள் பிடித்த இன்னொன்றும் உண்டு. நிறம் ஏற்றாத ஒரு பிரதியில் காட்டேரி சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகும்போது, “இது ராத்திரி என்கிறார்கள், வெயில் அடிக்கிறதே” என்றாள். அவள் சொன்னது சரி. அக்காலத்தில் இரவுக் காட்சியைப் பகலில் எடுத்துவிட்டு, படச்சுருளுக்கு நீலச்சாயம் ஏற்றி இரவு என்று காட்டுவார்கள். சாயம் ஏற்றாத பிரதிகளில் பாவம், காட்டேரி பட்டப்பகலில் நடக்கிறான். அதுவும் எந்தப் படத்தில்? வெயில் பட்டால் காட்டேரி அழிந்துபோவான் என்ற வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே இந்தப் படம்தான். இந்தக் கதைக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் காட்டேரி பகலிலும் நடமாடுவான். நாவலுக்கு அனுமதி வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட, பிரதிகளை எல்லாம் அழிக்க வேண்டும் என்று 1925இல் தீர்ப்பானது. எங்கெங்கோ தப்பிய பிரதிகளால்தான் நமக்கு இந்தப் படம் கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னபோது மகள் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் படமே காட்டேரிதான்” என்றாள்.

போரிஸ் கார்லோஃப் நடித்த 1931ஆம் ஆண்டு ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ எங்கள் வீட்டில் இன்னொரு திருப்பம். படம் தொடங்குவதற்கு முன் ஒருவர் திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்று, இது உங்களை அதிரவைக்கலாம், மனத்திடம் இல்லாதவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எச்சரிக்கிறார். அது விளம்பர உத்தியும்தான். ஆனால் என் மகள் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டாள்: தன்னிடம் ஒருவர் முன்கூட்டிச் சொல்கிறார்! அன்றிலிருந்து நானும் படத்துக்கு முன் தொலைக்காட்சியின் எதிரே நின்று சொல்லிவிடுகிறேன். எத்தனை பயங்கரமான இடம் வரும், யார் இறப்பார்கள், நாய்க்கோ பூனைக்கோ ஏதாவது ஆகுமா, முடிவில் குழந்தை வீடு திரும்புமா. கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பார்கள் சிலர். குழந்தைகள் ஒரே கதையை நூறு முறை கேட்பவர்கள்; அவர்களுக்கு அது பொருந்தாது.

அந்தப் படத்தில் ஏரிக்கரைக் காட்சிதான் எனக்குத் தயக்கமாக இருந்தது. பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர்கொடுத்த, ஊரே கண்டு ஓடும் அந்த உருவத்தைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் ஒரு சிறுமி. பூவைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டு விளையாடுகிறாள், அவனுக்கும் பூக் கொடுக்கிறாள். அவன் சிரிக்கிறான். பூ தீர்ந்துபோகிறது. அவளும் பூவைப் போல மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறான். இந்தக் காட்சியின் இறுதியை வெட்டித்தான் பல காலம் திரையிட்டார்கள். அவன் கை அவளை நோக்கி நீள்வதோடு காட்சி முடிந்தது. அதற்கு மேல் நடந்ததைப் பார்வையாளர்கள் மிகக் கேவலமாகக் கற்பனை செய்துகொள்ள வழியாயிற்று. 1980களில்தான் அந்தப் பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டிக் காட்டுவதைவிட முழுமையாகக் காட்டி அருகில் இருப்பதே மேல் என்று அந்த வரலாறு எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். நான் எதுவும் சொல்லவில்லை. “அவனுக்குத் தெரியாது அம்மா. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை” என்று அழுதாள். சிறுமிக்காகவும் அழுதாள், அவனுக்காகவும் அழுதாள். அடுத்த வாரம் 1935இல் வந்த இதன் தொடர்ச்சியைப் பார்த்தோம். காட்டில் தனியாக வயலின் வாசிக்கும் பார்வையற்ற முதியவர், அவன் யாரென்று பார்க்க முடியாததால் அவனைப் பயமில்லாமல் உள்ளே அழைத்து, ‘நண்பன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கும் காட்சியை அவள் மனப்பாடமாகவே சொல்வாள். தலை தட்டையாக, கழுத்தில் ஆணியோடு நிற்கும் ஒருவனுக்காக இரங்கக் கற்ற குழந்தை, அதற்குப் பிறகு தெருவில் ஒரு மாதிரியாக நடக்கும் மனிதரைக் கண்டு என் பின்னால் ஒளிவதை விட்டாள். படம்தான் அதைச் செய்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு ஒளியவில்லை.

இதற்கிடையில் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தான். பதின்மூன்று வயது. கறுப்பு வெள்ளை என்றாலே கொட்டாவி விடுகிறவன். அவனோடு வாதாடவில்லை. ‘கேட் பீப்பிள்’ படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை மட்டும் போட்டேன். 1942இல் தயாரிப்பாளர் வால் லூட்டன் மிகச் சின்னப் பட்ஜெட்டில் எடுத்த, சிறுத்தையாக மாறும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். வேறொரு பெண் இரவில் பூங்காச் சுவரோரம் நடக்கிறாள். பின்னால் காலடி ஓசை. விளக்கு வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். பின்னால் வந்த காலடி ஓசை நின்றுவிடுகிறது. அவள் வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், திடீரென்று சீறிக்கொண்டு திரைக்குள் பாய்கிறது ஒரு பஸ். வெறும் பஸ். அக்காள் மகன் சோபாவிலிருந்து எழும்பிவிட்டான். இன்றைய திகில் படங்களில் நம்மைத் துள்ளவைக்கும் உத்திக்கெல்லாம் அந்தப் பஸ்தான் பாட்டன். திரைத்துறையினர் அந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே குறிப்பிடுகிறார்கள். சிறுத்தையைக் காட்டப் பணமில்லாத இடத்தில் இருட்டைக் காட்டினார்கள். அந்த வறுமை படத்தை வாழவைத்தது.

லூட்டனிடம் பாடம் படித்தவர் ராபர்ட் வைஸ். அவர் பின்னாளில் 1963இல் இயக்கிய ‘தி ஹாண்டிங்’ படத்தில் பேய் ஒருமுறை கூடக் கண்ணில் படுவதில்லை. சுவருக்கு அப்பால் இடிச்சத்தம், மூடிய மரக்கதவு உள்நோக்கி உப்புவது, அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் இருட்டில் தோழியின் கையைப் பிடித்திருப்பதாக நினைக்கும் பெண், விளக்குப் போட்டதும் தோழி அறையின் மறுகோடியில் இருப்பதைக் காண்கிறாள். கொட்டாவி விட்ட பையன் அதன் பிறகு அன்று தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அக்குளில் திணித்துக்கொண்டான். பதின்மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதை நான் காட்ட மாட்டேன். வைஸ் இணைந்து இயக்கிய முதல் படம் ‘தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்’. 1944இல் வந்தது. பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். தனிமையில் வாடும் ஒரு சிறுமிக்குக் கிடைக்கும் கற்பனைத் தோழியைப் பற்றிய மென்மையான கதை அது. முகப்புப் படத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தேன். தலைப்பை நம்பி இந்தப் படத்தைப் பல ஆண்டு தவறவிட்டேன்.

அந்த விடுமுறையில்தான் ஒரு விபரீதமும் நடந்தது. படம் முடிந்த இரவு, அக்காள் மகன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து என் மகள் மேல் பாய்ந்தான். அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு ஆண்டு கட்டியது ஒரு நொடியில் சரிந்தது. மறுபடி இரண்டு மாதம் எந்தப் படமும் இல்லை. அவனைத் திட்டவில்லை, உட்காரவைத்துப் பேசினேன். படம் பார்க்கும்போது அவளுக்கு ஒரு வேலி இருக்கிறது: திரையின் சட்டகம். பயம் அதற்குள்தான் இருக்கும், வெளியே வராது என்ற நம்பிக்கையில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வேலியை உடைத்தால் எல்லாப் படமும் வீட்டுக்குள் வந்துவிடும். அவன் புரிந்துகொண்டான். பேய்ப்படம் பார்த்த இரவில் யாரும் யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அதன்பின் சட்டம். பெரியவர்களுக்கும் சேர்த்து. வேடிக்கைக்கு என்றாலும் கூடாது.

என் அம்மாவுக்கு இந்த முயற்சியில் பங்கே இருக்காது என்று நினைத்திருந்தேன். “குழந்தைக்குப் போய் இதையெல்லாம் காட்டுகிறாயே” என்று சலித்துக்கொள்வார். ஒருநாள் நாங்கள் 1966இல் வந்த ‘யார் நீ’ படத்தைப் போட்டோம். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது, ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். பி. சுசீலாவின் குரலில் ‘நானே வருவேன்’ தொடங்கியதும் உள்ளேயிருந்து அம்மா வந்து கதவருகில் நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்தார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் அந்தப் பாட்டு வானொலியில் வந்தால் இருட்டான கூடத்தைத் தாண்டிப் போக மாட்டாராம். அறுபது ஆண்டு கழித்து அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு சிறுமி தெரிந்தாள். பாட்டி பயந்திருக்கிறார் என்ற செய்தி என் மகளுக்குப் படத்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவசியம் அவர்களோடு பாருங்கள். தங்களைப் பயமுறுத்திய படம் எது என்று கேளுங்கள். நான் அம்மாவிடம் நாற்பது வயது வரை அதைக் கேட்டதில்லை.

பாட்டை வைத்துப் பயமுறுத்துவதில் நம் படங்களை மிஞ்ச யாருமில்லை. 1949இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’வைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். தொலைவில் யாரோ முணுமுணுப்பது போலத் தொடங்கும் குரல் மெல்ல மெல்ல அருகில் வருகிறது. ஒலியைக் கலக்கும் வசதிகள் இல்லாத காலம். அறையின் மூலையிலிருந்து மைக்கை நோக்கி நடந்து வந்தபடி பாடினார் லதா மங்கேஷ்கர். இதை மகளிடம் சொன்னதும், கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி மேசையில் வைத்துவிட்டு, வாசலிலிருந்து பாடிக்கொண்டே நடந்து வந்தாள். கேட்டபோது எங்களுக்கே உடல் சிலிர்த்தது. இப்படி ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதில் ஒரு வித்தையையாவது செய்து பார்க்கிறோம். டார்ச் விளக்கைச் சுவரில் அடித்துக் கையை அதன் அருகில் கொண்டுபோனால் முர்னோவின் விரல்கள் கிடைத்துவிடுகின்றன. தன் கையால் செய்த பயம் குழந்தையைத் தூங்கவிடாமல் செய்வதில்லை.

எல்லாவற்றிலும் எங்கள் வீட்டுச் செல்லப்படம் எது என்று கேட்டால், சத்யஜித் ராய் தன் தாத்தா எழுதிய கதையை எடுத்துக்கொண்டு 1969இல் இயக்கிய ‘கூப்பி கைன் பாகா பைன்’. மகனுக்காகக் குழந்தைகள் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்தது. ஊரிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பாடகனும் ஒரு கொட்டுக்காரனும் காட்டில் பேய்களின் அரசனைச் சந்திக்கிறார்கள். அவன் அவர்களுக்கு வரம் கொடுக்கிறான். அதற்கு முன் ஆறரை நிமிடம் பேய்கள் ஆடுகின்றன. அரசர் பேய், உழைப்பாளிப் பேய், வெள்ளைக்காரப் பேய், கொழுத்த பேய் என்று நான்கு கூட்டம். பின்னால் ஒலிப்பது என்ன தெரியுமா? மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். வங்காளப் பேய்களை நம் தாளவாத்தியங்களுக்கு ஆடவைத்திருக்கிறார் ராய். எங்கள் வீட்டில் யாரும் இதை உட்கார்ந்தபடி பார்ப்பதில்லை. மனம் கனத்த ஒரு படத்தைப் பார்த்த மறுநாள் இதை ஒருமுறை போட்டுவிடுவேன். எந்த இருளும் கரைந்துவிடும்.

சில சின்ன விஷயங்கள். படம் முடிந்தவுடன் படுக்கைக்கு அனுப்பாதீர்கள், குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். அதனால் நாங்கள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறோம். அறையை முழுக்க இருட்டாக்க வேண்டாம். குழந்தை ஒருவரைத் தொட்டபடி உட்கார இடம் இருக்கட்டும். ‘இதற்கெல்லாமா பயப்படுகிறாய்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த முறை பயம் வரும், உங்களிடம் சொல்ல மாட்டாள். ‘எந்த இடம் பயமாக இருந்தது’ என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே பேசுவார்கள்.

போன மாதம் மகள் தானாகவே வந்து, “அம்மா, கோரலைன் பார்க்கலாமா?” என்றாள். இப்போது பதினொரு வயது. நான் உடனே சரி என்று சொல்லவில்லை, முதல் நாள் இரவு தனியாக உட்கார்ந்து முழுமையாகப் பார்த்தேன். மறுநாள் மாலை வழக்கம் போல எழுந்து நின்று முன்னெச்சரிக்கை சொன்னேன். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. நான் மறந்த இடத்தை அவள் எடுத்துக்கொடுத்தாள்.

பொத்தான்கள் இருக்கும் சின்னப் பெட்டியை அந்த அம்மா மேசைமேல் நகர்த்தும் இடத்தில் படம் நின்றது. “அம்மா, இந்தப் பக்கம் திரும்பு” என்றாள். திரும்பினேன். என் கண்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ரிமோட்டை அழுத்தினாள்.

படம் முடிந்ததும், அந்தப் பொம்மைகளின் முகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு முகமாக மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள் என்று சொல்லி, அதைக் காட்டும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படுக்கப் போகும்போது, இன்றைக்கு விளக்கு எரியட்டும் என்றாள். எரியவிட்டேன்.